புற்றுநோய்க் கல வளர்ப்பும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாற்றை மேதைகளின் வரலாறாக மட்டும் எழுதும் மரபு எம்மிடையே நன்கு வேரூன்றியுள்ளது. பிளெமிங் பெனிசிலினைக் கண்டார்; சோல்க் இளம்பிள்ளைவாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்டார். இவ்வாறு ஒரு வாக்கியத்துக்கு ஒரு மனிதராக அடுக்கிச் செல்லும் நூல்களையே மாணவர் படிக்கின்றனர், ஆசிரியர் படிப்பிக்கின்றனர். ஆயின், ஒரு கண்டுபிடிப்பு எத்தேவையிலிருந்து பிறந்தது, எவருடைய உழைப்பாற் பயன்பாட்டுக்கு வந்தது, எவருக்குக் கிடைத்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பும்போதே விஞ்ஞானத்தின் வரலாறு மனிதகுல வரலாற்றின் ஒரு பகுதியாகிறது. இவ்வினாக்களை மிகச் சிறியதொரு வழக்கத்தின்மீது எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புற்றுநோய் ஆய்வுகூடங்களில் மனிதக் கலங்களை வளர்க்கும் திரவத்திற் சிறிதளவு நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்ப்பது என்பதே அவ்வழக்கம்.

உடலினின்றும் பிரித்தெடுத்த கலங்களைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு, உடலின் வெம்மையும் வேண்டிய உணவும் அளித்து உயிருடன் வைத்திருப்பதையே கல வளர்ப்பு என்கிறோம். புற்றுநோய்க் கலம் எவ்வாறு பெருகுகிறது, எம்மருந்து அதனைக் கொல்லும், எந்த வைரசு அதனுட் புகும் என்பனவற்றை அறிவதற்கு இதுவே அடிப்படையான முறை. ஆயின் இம்முறையிற் பிறவிக் குறையொன்று உண்டு. வெப்பமும் வெல்லமும் புரதமும் நிறைந்த அத்திரவம் மனிதக் கலத்துக்கு மட்டுமன்றிப் பற்றீரியாவுக்கும் விருந்தாகும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலமும் ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாளை எடுத்துக்கொள்கிறது. பற்றீரியாவோ அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பிரியக்கூடியது. உடலுக்குள் வெண்குருதிக் கலங்கள் காவல் நிற்கின்றன. குப்பிக்குள் அக்காவல் இல்லை. மாலையில் ஒரு பற்றீரியா வீழ்ந்தாலும் மறுநாட் காலையில் வளர்ப்பு முழுவதும் கலங்கிய கூழாகிவிடும். எனவே, கல வளர்ப்பின் வரலாறு தொடக்கத்திலிருந்தே தூய்மைக்கான போராட்டத்தின் வரலாறாகவும் இருந்துவந்துள்ளது.

இத்துறையின் தோற்றுவாய் 1907ஆம் ஆண்டு எனலாம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் றொஸ் ஹரிசன் என்பார் தவளை முளையத்தின் நரம்பிழையத்தைச் சிறு துண்டாக எடுத்து, தவளையின் நிணநீர்த் துளியொன்றிற் பதித்து, நரம்பு நார் வளர்ந்து நீள்வதைக் கண்ணாரக் கண்டார். கருவிகளையும் கண்ணாடியையும் கிருமி நீக்கிப் பயன்படுத்தியமையே அவ்வெற்றியின் திறவுகோல். அடுத்து வந்தவர் நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் கரல். சத்திரசிகிச்சை நிபுணரான கரல் அறுவை அறையின் கடுந்தூய்மையை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். 1912 ஜனவரியில் அவர் தொடக்கிவைத்த கோழி முளைய இதய வளர்ப்பு அவருக்குப் பின்னரும் பேணப்பட்டு, 34 ஆண்டுகள் நீடித்தது. கறுப்பு அங்கியும் முக்காடும் அணிந்த உதவியாளர் நடமாடும் அந்த ஆய்வுகூடம் பத்திரிகைகளுக்கு ஒரு மாய உலகமாகக் காட்சியளித்தது.

இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்தில் தூய்மை என்பது செல்வமாகும். பயிற்றப்பட்ட உதவியாளர், தனி அறைகள், பெருநிதி ஆகியன வாய்த்தவரே கலங்களை வளர்க்க முடிந்தது. சாதாரண ஆய்வுகூடங்களுக்கு இம்முறை எட்டாக்கனியாகவே இருந்தது. அறிவு ஒரு சிலரின் சடங்காக மாறும்போது அதன் பிழைகளும் சரிபார்க்கப்படாமற் போகின்றன என்பதற்குக் கரலின் வளர்ப்பே சான்று. கலங்கள் சாகாவரம் பெற்றவை என்னும் அவரது முடிவை அரை நூற்றாண்டுக் காலம் உலகம் நம்பிற்று. 1961இல் லெனாட் ஹேபிளிக்கும் போல் மூர்ஹெட்டும் இயல்பான மனிதக் கலங்கள் ஏறத்தாழ ஐம்பது தடவை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என நிறுவிய பின்னரே அந்நம்பிக்கை தகர்ந்தது. மனிதரைத் தரம் பிரித்து வேண்டாதவரை அகற்றவேண்டும் என 1935இல் நூலெழுதியவரும் இதே கரல் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். கோழியின் கலத்துக்கு அழியாமை வேண்டியவர், தம்மையொத்த மனிதர் பலருக்கு வாழும் உரிமையையே மறுத்தார்.

இந்நிலையை மாற்றியது பெனிசிலின். லண்டன் சென் மேரிஸ் மருத்துவமனையில் 1928இல் அலெக்சாந்தர் பிளெமிங் அவதானித்த பூஞ்சணத்தின் கதை யாவரும் அறிந்ததே. ஆயின் 1929இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பைப் பலர் அறியார். ஒருவகைப் பற்றீரியாவை ஏனையவற்றினின்றும் பிரித்து வளர்ப்பதற்கு இப்பூஞ்சணச் சாறு பயன்படும் என்பதையே அத்தலைப்பு சிறப்பாகக் குறிப்பிட்டது. வேண்டாத கிருமிகளைப் பெனிசிலின் அடக்கிவிட, வேண்டிய கிருமி தனித்து வளரும். அச்சாறு வெண்குருதிக் கலங்களைத் தாக்கவில்லை என்பதையும் அவர் குறித்திருந்தார். உலகின் உயிர்காக்கும் மருந்தாகப் பின்னர் போற்றப்பட்ட பொருள், முதலில் ஆய்வுகூடக் குப்பியைத் தூய்மையாக வைத்திருக்கும் கருவியாகவே பயன்பட்டது என்பது கவனித்தற்குரியது.

மருந்தாக அதனை ஆக்கியவர்கள் ஒக்ஸ்போட்டில் ஹவாட் புளோறி, ஏர்ண்ஸ்ட் செயின், நோமன் ஹீற்லி முதலியோர். 1940 மே மாதத்தில் எலிகளிற் பரிசோதித்தனர். 1941 பெப்ரவரியில் அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரருக்கு அதனை ஊசிமூலம் ஏற்றினர். அவர் தேறிவந்தார். மருந்தின் தட்டுப்பாடு காரணமாக அவரது சிறுநீரிலிருந்தே பெனிசிலினை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தினர். எனினும் கையிருப்புத் தீர்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார். இதன்பின் யுத்தத்தின் தேவை அமெரிக்காவிற் பெருந்தொகை உற்பத்தியைத் தோற்றுவித்தது. காயமுற்ற போர்வீரரை விரைவிற் களத்துக்குத் திருப்பி அனுப்பும் அவசரமே பெனிசிலினை மலிவாக்கியது. சமாதான காலத்து நோயாளியின் வேதனைக்காகத் திறக்காத கருவூலங்கள் யுத்தத்துக்காகத் திறந்தன.

அடுத்து வந்தது ஸ்ரெப்ரோமைசின். றட்கேஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வக்ஸ்மனின் கீழ்ப் பணியாற்றிய அல்பேட் ஷாற்ஸ் என்னும் இளம் மாணவர், 1943இல், நிலவறை ஆய்வுகூடமொன்றிற் கொடிய கசநோய்க் கிருமியுடன் தனித்திருந்து உழைத்து அதனைக் கண்டார். புகழும் உரிமைப் பணமும் பேராசிரியரின் பக்கம் சென்றபோது ஷாற்ஸ் நீதிமன்றத்தை நாடினார். 1950இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அவரும் இணைக்கண்டுபிடிப்பாளரென ஏற்கப்பட்டார். எனினும் 1952ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. இதற்கு நேர்மாறான வரலாறு பங்கசுகொல்லியான நிஸ்ரற்றினின் வரலாறாகும். எலிசபெத் ஹேசன், றேச்சல் பிறவுண் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், ஒருவர் நியூயோர்க் நகரிலும் மற்றவர் அல்பனியிலும் இருந்து, மண் மாதிரிகளையும் சாறுகளையும் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பி அதனைக் கண்டனர். 1950இல் அது அறிவிக்கப்பட்டது. தமக்கு வந்திருக்கக்கூடிய ஏறத்தாழ 130 இலட்சம் டொலர் உரிமைப் பணத்தை அவர்கள் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தனர்.

பெனிசிலின், ஸ்ரெப்ரோமைசின், நிஸ்ரற்றின் ஆகிய மூன்றும் கல வளர்ப்பிற் புகுந்தன. ஒரு மில்லிலீற்றர் ஊடகத்தில் 100 அலகு பெனிசிலினும் 100 மைக்கிரோகிராம் ஸ்ரெப்ரோமைசினும் சேர்ப்பது நாளடைவிற் பொதுவிதியாயிற்று. இதன் பயனை 1949இல் உலகம் கண்டது. பொஸ்ரனில் ஜோன் எண்டேர்ஸ், தோமஸ் வெல்லர், பிரெடெரிக் றொபின்ஸ் ஆகிய மூவரும் இளம்பிள்ளைவாத வைரசை நரம்பல்லாத மனித இழையத்திலும் வளர்க்கலாமெனக் காட்டினர். நோயாளரின் மலத்திலிருந்து வைரசை எடுத்து வளர்ப்பிலிடும்போது கூடவே வரும் பற்றீரியாப் படையை நுண்ணுயிர்க்கொல்லிகளே தடுத்தன. 1954இல் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. கரலின் கறுப்பு அங்கியும் சடங்கும் இன்றி, சாதாரண வசதிகளையுடைய ஆய்வுகூடமும் இனிக் கலங்களை வளர்க்கலாம் என்ற நிலை பிறந்தது. ஒரு சிலரின் தனியுடைமையாக இருந்த முறை பலரின் பொதுவுடைமையாயிற்று. இது நுண்ணுயிர்க்கொல்லிகளின் முற்போக்கான பங்கு. இதனை எவரும் மறுத்தற்கில்லை.

இக்காலப் பகுதியிலேதான் புற்றுநோய்க் கல வளர்ப்பின் வரலாற்றில் மிக முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. 1951இன் தொடக்கத்தில், பால்ற்றிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்றியேற்றா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுடன் வந்தார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளின் தாய். சிகிச்சையின்போது அவரது கட்டியின் ஒரு துண்டு வெட்டியெடுக்கப்பட்டு, அவரிடம் கேளாமலே ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. மேரி குபிசெக் என்னும் உதவியாளர் அதனைச் சிறு துண்டுகளாக வெட்டிக் குழாய்களில் இட்டார். அதுவரை வளர்ப்பிலிடப்பட்ட மனிதக் கலங்கள் பெரும்பாலும் சில நாட்களில் மடிந்துபோயின. இவையோ நாளுக்கு இருமடங்காகப் பெருகின. அவ்வாண்டு ஒக்ரோபர் 4ஆம் நாள், 31 வயதில், ஹென்றியேற்றா இறந்தார். ‘ஹீலா’ என்னும் பெயரில் அவரது கலங்கள் உலகெங்கும் பரவின.

1953இல், இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தின் மாபெரும் பரிசோதனைக்கு ஹீலாக் கலங்கள் ஏராளமாகத் தேவைப்பட்டபோது, அவற்றை உற்பத்தி செய்யும் நிலையம் அலபாமாவின் டஸ்கீகி நிறுவனத்தில் அமைக்கப்பட்டது. றசல் பிறவுண், ஜேம்ஸ் ஹென்டர்சன் முதலிய கறுப்பின விஞ்ஞானிகளும் உதவியாளரும் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 600,000 வளர்ப்புகளை ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிவைத்தனர். அவ்வுழைப்பின் பெருமையை எத்துணை கூறினும் தகும். ஆயின் அதே டஸ்கீகியில் 1932 தொடக்கம் வேறோர் ஆய்வும் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஏழை மக்களை, சிகிச்சை அளிப்பதாகக் கூறி ஏமாற்றி, நோய் அவர்களை எவ்வாறு அழிக்கிறது எனக் குறிப்பெடுத்து வந்தது. 1940களின் இறுதியிற் பெனிசிலின் அந்நோய்க்கு உரிய மருந்தென நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1972இற் பத்திரிகைகள் அம்பலப்படுத்தும்வரை இக்கொடுமை நீடித்தது. 1997இலேயே அரசின் சார்பில் மன்னிப்புக் கோரப்பட்டது.

ஆய்வுகூடக் குப்பிகளில் இருந்த கலங்களுக்குப் பெனிசிலின் தாராளமாக ஊற்றப்பட்ட அதே ஆண்டுகளில், உயிருள்ள மனிதருக்கு அது மறுக்கப்பட்டது. குப்பியிலுள்ள கலம் ஆய்வுக்குப் பயன்படும் மூலதனம். ஆகவே அது பாதுகாக்கப்பட்டது. நோயுற்று மாள்வதே அந்த ஏழைக் கறுப்பினத்தவரின் ‘பயன்’ என அச்சமுதாயம் கணித்தது. ஆகவே அவர் கைவிடப்பட்டார். மருந்தின் குணம் இரு இடத்திலும் ஒன்றே. அதனைப் பங்கிடும் கையையே நாம் நோக்கவேண்டும்.

இனி, இவ்வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருவோம். எந்தப் பொருளும் தன் முரணைத் தன்னகத்தே கொண்டிருக்கும் என்பதற்கு நுண்ணுயிர்க்கொல்லிகளும் விலக்கல்ல. 1956இல், ஜோன்ஸ் ஹொப்கின்சைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர் ஹீலா வளர்ப்புகளில் விசித்திரமான நுண்ணுயிர்கள் ஒளிந்திருப்பதை வெளியிட்டனர். இன்று நாம் மைக்கோபிளாஸ்மா என அழைக்கும் இவை மிகச் சிறியவை. ஊடகத்தைக் கலங்கச் செய்யாதவை. சாதாரண நுணுக்குக்காட்டியிற் புலப்படாதவை. பெனிசிலின் பற்றீரியாவின் கலச்சுவர் உருவாவதைத் தடுத்தே அதனைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்கோ கலச்சுவரே இல்லை. சுவரில்லாத வீட்டைச் சுவர் இடிப்பவன் என்ன செய்வான்? பகைவர் பலரை நுண்ணுயிர்க்கொல்லி கொன்றொழிக்க, அஞ்சத்தக்க இப்பகைவன் போட்டியின்றி உள்ளே குடியேறினான்.

அவன் வந்த வழிகள் யாவை? கன்றின் குருதிப் பாயம் ஒரு வழி. பன்றியிலிருந்து பெறப்பட்ட நொதியம் இன்னொரு வழி. மற்றொன்று ஆய்வாளரின் வாயேயாகும். திரவத்தைக் குழாயில் வாயால் உறிஞ்சி அளக்கும் வழக்கம் அக்காலத்தில் எங்கும் இருந்தது. மனித வாயில் வாழும் மைக்கோபிளாஸ்மா அவ்வாறே வளர்ப்பிற் புகுந்தது. அமெரிக்காவில் மைக்கல் பறில் முதலியோர் நடத்திய ஆய்வுகள் மிக முக்கியமான ஓர் உண்மையைக் காட்டின. நுண்ணுயிர்க்கொல்லியில் இடையறாது வைத்திருந்த வளர்ப்புகளில், அது சேர்க்காத வளர்ப்புகளிலும் பார்க்க மைக்கோபிளாஸ்மாத் தொற்றுப் பல மடங்கு அதிகமாக இருந்தது. காரணம் தெளிவு. மருந்து சேர்க்காதவிடத்துக் கை சற்றுத் தவறினும் மறுநாளே வளர்ப்புக் கலங்கித் தவறு வெளிப்பட்டுவிடும். தொழில் செய்பவர் தம் முறையைத் திருத்திக்கொள்வார். மருந்து சேர்த்தவிடத்துத் தவறு மறைந்துபோகும். மறைந்த தவறு பழக்கமாகும். 2015இல், வெளியிடப்பட்ட 884 ஆய்வுத் தொகுதிகளின் தரவுகளை மீளச் சோதித்தபோது, ஏறத்தாழ 11 வீதமானவற்றில் மைக்கோபிளாஸ்மாவின் சுவடு காணப்பட்டது. அரை நூற்றாண்டின் பின்னும் அவ்வெதிரி அகலவில்லை.

தவறு பழக்கமாகும் இடத்தில் இன்னொரு விபரீதமும் நேர்ந்தது. 1966இல் ஸ்ரான்லி காட்லர் என்னும் விஞ்ஞானி, பல்வேறு நோயாளரிடமிருந்து பெற்றவை எனக் கருதப்பட்டு வந்த பதினெட்டு மனிதக் கல வரிசைகள் உண்மையில் ஹீலாக் கலங்களே எனக் காட்டினார். கறுப்பின மக்களிடையே காணப்படும் நொதிய வடிவமொன்று அவை யாவற்றிலும் இருந்தமையே அவருக்குக் கிடைத்த துப்பு. தூய்மையற்ற ஒரு குழாயினூடாக, ஒரு துளியினூடாக ஹீலா பரவிப் பிற கலங்களை வென்று பெருகியிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மனிதக் கலத்தை மனிதக் கலத்தினின்றும் காக்க மாட்டாது. ஈரலெனவும் குரல்வளையெனவும் பெயரிட்டு ஆண்டுக்கணக்காக ஆராயப்பட்டவை ஒரே பெண்ணின் ஒரே கட்டியிலிருந்து வந்தவை. 1970களில் வோல்ரர் நெல்சன்-றீஸ் இத்தகைய வரிசைகளைப் பெயர் சுட்டி வெளியிட்டபோது பாராட்டிலும் பார்க்கப் பகையையே பெரிதும் ஈட்டினார். அப்பட்டியலில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த வளர்ப்புகளும் இருந்தன. உண்மை எந்த முகாமுக்கும் சலுகை காட்டுவதில்லை. அதனை ஏற்கும் துணிவு இரு முகாமுக்கும் வேண்டும்.

மூன்றாவது சிக்கல் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி பற்றீரியாவை மட்டும் தொடும், மனிதக் கலத்தைத் தொடாது என்பதே இவ்வழக்கத்தின் அடித்தளமான நம்பிக்கை. ஆயின் எமது கலங்களினுள்ளே சக்தி பிறப்பிக்கும் இழைமணிகள் பண்டைப் பற்றீரியாவின் வழித்தோன்றல்கள். பற்றீரியாவின் புரதத் தொகுப்பைத் தடுக்கும் மருந்துகள் இழைமணியின் புரதத் தொகுப்பையும் தடுக்கலாம். தெற்றாசைக்கிளின் வகைகள் இவ்வாறு இழைமணியின் தொழிலைக் குலைப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஈரற் புற்றுநோய்க் கல வரிசையொன்றைப் பெனிசிலினும் ஸ்ரெப்ரோமைசினும் சேர்த்தும் சேர்க்காமலும் வளர்த்து ஒப்பிட்டனர். 209 பரம்பரை அலகுகளின் செயற்பாடு மாறியிருந்தது. புதிய மருந்தொன்றின் விளைவை அளக்க முற்படும் ஆய்வாளர், குப்பியில் முன்னரே இருக்கும் பழைய மருந்தின் விளைவையும் சேர்த்தே அளந்துவிடக்கூடும். இதில் வியப்பதற்கில்லை. 1940இல் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்ட அக்ரினோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியே பின்னர் சிறுவரின் சிறுநீரகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. நுண்ணுயிர்க்கொல்லிக்கும் மனிதக் கலத்துக்கும் இடையில் உள்ள எல்லைக்கோடு நாம் எண்ணியதுபோல் நேரானதன்று.

அவ்வாறாயின் நுண்ணுயிர்க்கொல்லிகளை ஆய்வுகூடத்தினின்றும் விரட்டிவிட வேண்டுமா? அவ்வாறு கூறுவது வரலாற்றைப் புறக்கணிப்பதாகும். நோயாளியின் உடலிலிருந்து நேரே எடுத்த இழையத்தில் கிருமிகள் இருத்தல் இயல்பு. அதன் முதல் நாட்களில் இம்மருந்துகள் இன்றியமையாதவை. மீளப் பெறமுடியாத அரிய வளர்ப்பைக் காப்பதற்கும் அவை வேண்டும். ஆயின் மூல இருப்புகளை மருந்தின்றி வளர்த்தல், மைக்கோபிளாஸ்மாவுக்கு ஒழுங்காகச் சோதித்தல், கலத்தின் அடையாளத்தை உறுதிசெய்தல் ஆகியனவே இன்று நல்ல ஆய்வுகூடங்கள் கைக்கொள்ளும் நெறி. 1960களின் தொடக்கத்தில் விலிஸ் விற்பீல்ட் வகுத்த, வடிகட்டிய காற்று ஒரே திசையிற் பாயும் அமைப்பும் அதன் வழிவந்த பாதுகாப்புப் பேழைகளும் அந்நெறிக்குத் துணையாயின. எனினும் எப்பேழையும் கவனமுள்ள கைகளுக்கு ஈடாகாது.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? ஒரு சாதனம் அறிவைப் பலருக்கும் உரியதாக்கலாம். அதே சாதனம் எமது கவனக்குறைவை மூடி மறைக்கவும் செய்யலாம். எது நிகழும் என்பதை அதனைக் கையாளும் மனிதரும் அவர்களது உறவுகளுமே தீர்மானிக்கின்றனர். தம் தவறு வெளிப்படுதலை அவமானமாகக் கருதும் ஆய்வுகூடம் மருந்தை மேன்மேலும் ஊற்றும். தவறு வெளிப்படுதலைக் கல்வியாகக் கருதும் ஆய்வுகூடம் மருந்தை அளவோடு பயன்படுத்தும். குப்பியைக் கழுவும் உதவியாளரும் தம் ஐயத்தைத் தலைவரிடம் அச்சமின்றிக் கூறக்கூடிய இடத்திலேயே இரண்டாவது வகை ஆய்வுகூடம் உருவாகும். அவ்வகையிற் சனநாயகம் என்பது விஞ்ஞானத்துக்கு வெளியேயிருந்து சூட்டும் அணியன்று. அதன் தொழில்முறைத் தேவையாகும்.

ஹென்றியேற்றா லக்சின் குடும்பத்தார், அவரது கலங்கள் உயிருடன் இருப்பதையே 1970களில்தான் அறிந்தனர். அக்கலங்களை விற்றுப் பொருளீட்டிய தேமோ பிஷர் நிறுவனத்துக்கு எதிராக 2021இல் அவர்கள் தொடுத்த வழக்கு 2023இல் இணக்கத்தில் முடிந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேற் சென்ற பின்னரும் ஒரு கணக்குத் தீர்க்கப்படலாம் என்பதற்கு இது சான்று. உயிரியற் பாடத்திற் கல வளர்ப்பைப் படிப்பிக்கும் ஆசிரியர், பெனிசிலினின் பெயரோடு டஸ்கீகியில் அது மறுக்கப்பட்ட மனிதரையும், ஹீலாவின் பெயரோடு ஹென்றியேற்றாவையும், ஸ்ரெப்ரோமைசினின் பெயரோடு நிலவறையில் உழைத்த மாணவரையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். எமது வகுப்பறைகளிலிருந்து நாளை ஆய்வுகூடங்களுக்குச் செல்லும் மாணவர், குப்பியைக் கையிலெடுக்கும்போது அதன் தூய்மையோடு அதன் வரலாற்றையும் கேட்டறிபவராக இருக்கட்டும்.